பாலை எடுத்தாயிற்று, சர்க்கரையை?

கத்திரி வெயிலுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு பழ ஐஸ் பக்குவம் ஊருக்குள் சுற்றத் தொடங்கிவிடும். பால் வேண்டாம், சீனி வேண்டாம். பழத்தை மிக்ஸியில் அடித்து அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் போதும், மாவுச்சத்து குறைந்த பழ ஐஸ் தயார், சர்க்கரை உள்ளவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம் என்பார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் மே மாதத்தில் இதைச் செய்து பார்ப்பவர்கள் இரண்டு வகையாக முடிகிறார்கள். ஒருவருக்குக் கிடைப்பது பல் இறங்காத கட்டி. இன்னொருவருக்கு நாக்கில் பட்டதும் கரையும் அருமையான ஐஸ் கிடைக்கிறது. அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இந்த இரண்டு முடிவுகளும் தற்செயல் அல்ல.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் விஷயமும் அல்ல இது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளியாயின. நாடு முழுக்க 20 வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை என்று எல்லாரும் கூடியிருக்கும் கோடை விடுமுறை வீட்டில், ஐஸ் தட்டு வரும்போது கையை நீட்டலாமா என்று யோசிக்கிற ஒருவராவது இருப்பார். அவரிடம் "இது லோ கார்ப்தான், சாப்பிடுங்க" என்று சொல்வதற்கு முன் கணக்குப் பார்த்துவிடுவது நல்லது.

பாலில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது எளிது. பால் இல்லாத ஐஸ் சென்னைக்குப் புதிதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் மரப்பெட்டி வண்டியில் வந்த குச்சி ஐஸில் பால் ஏது? தண்ணீர், சர்க்கரை, சாயம், எசென்ஸ், அவ்வளவுதான். பால் ஐஸும் சேமியா ஐஸும் அதைவிடக் கூடுதல் காசு. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970ல் ராயபுரத்தில் ஒரு சின்ன வாடகை இடத்தில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டியில் அனுப்பித்தான் தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் அருண் ஐஸ்கிரீம்ஸ் ஆனது. ஆக, பாலை எடுத்துவிட்டோம் என்பதைச் சாதனையாகச் சொல்லும் பக்குவங்கள், அரை நூற்றாண்டுக்கு முந்தைய வண்டிக்காரரின் வேலையைத்தான் திரும்பச் செய்கின்றன.

பால் வேண்டாம் என்பவர்களுக்குக் காரணம் உண்டு, அதை மறுக்கவில்லை. 1981ல் வெளியான ஓர் ஆய்வில் டெல்லிக்காரர்களில் 27.4 சதவீதம் பேருக்குப் பாலின் லாக்டோஸ் செரிக்கவில்லை. திருவனந்தபுரம், புதுச்சேரிக்காரர்களில் 66.6 சதவீதம் பேருக்குச் செரிக்கவில்லை. தெற்கத்தி வயிற்றுக்கு ஒரு பெரிய கிண்ணம் ஐஸ்கிரீம் உப்புசத்தைத் தருவதில் வியப்பில்லை. ஆனால் பால் ஒவ்வாமை உள்ளவருக்கு விஷயம் வேறு; அவருக்கு ஒரு துளியும் ஆகாது. அங்கேதான் கடைச்சரக்கு காலை வாரும். கடையில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று விற்பதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். அமுலின் விளம்பரத்தை எதிர்த்து இந்துஸ்தான் யூனிலீவர் 2017ல் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது இந்தக் கொழுப்பைப் பற்றிய சண்டைதான். அந்தச் சண்டையைப் படித்துவிட்டு ஃப்ரோசன் டெசர்ட்டில் பாலே இல்லை என்று நினைத்தவர்கள் உண்டு. கொழுப்பு மட்டும்தான் மாறியது. பால் பொடி பெரும்பாலும் அப்படியே இருக்கும். தேங்காய்ப்பால் பொடியும் இதே கதை. கொழுப்பு தனியே பிரியாமல் இருக்கச் சோடியம் கேசினேட் சேர்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அது பால் புரதம். கூடவே மால்டோடெக்ஸ்ட்ரின், அது சுத்த மாவுச்சத்து. பாலும் வேண்டாம், மாவும் வேண்டாம் என்று தேங்காய்ப்பால் பொடி வாங்குகிறவர் ஒரே பொட்டலத்தில் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். தேங்காயைத் துருவிப் பிழிவது தவிர இதற்கு வேறு வழியில்லை. துருவத் தெரிந்த ஊர்தான் இது.

இப்போது கடினமான பகுதிக்கு வரலாம். சர்க்கரை ஐஸில் இனிப்புக்காக மட்டும் இருப்பதில்லை. நீரில் கரைந்த சர்க்கரை உறைநிலையைக் கீழே இழுக்கிறது. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் ஒரு பகுதி நீர் உறையாமல் பாகாக நிற்பதால்தான் கரண்டி இறங்குகிறது. கடை ஐஸ்கிரீமின் மென்மைக்குச் சர்க்கரை, கொழுப்பு, அடித்து ஏற்றிய காற்று ஆகிய மூன்றும் தூண்கள். பாலை எடுத்தால் கொழுப்பு போயிற்று. வீட்டில் கடையும் இயந்திரம் இல்லாததால் காற்றும் இல்லை. மிச்சம் நிற்பது சர்க்கரை ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டு மென்மையை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இன்னொரு சிக்கலும் சேர்கிறது. குளிரில் நாக்கு இனிப்பை மந்தமாகத்தான் உணரும். வெளியில் குடிக்கும்போது தித்திக்கும் சாறு, உறைந்தபின் சப்பென்று இருக்கும். அதனால்தான் ஐஸ் செய்பவர்கள் கை தாராளமாகச் சர்க்கரை போடுகிறார்கள்.

எனவே சீனி போடாத பழ ஐஸ் ஒன்று மெத்தென்று வந்திருக்கிறது என்றால், சர்க்கரை வேறு வழியாக உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த வழி வாழைப்பழம்.

உறைந்த வாழைப்பழத்தை மிக்ஸியில் அடித்தால் பால் ஐஸ்கிரீம்போலவே பசபசவென்று வருவது உண்மை. ருசியும் குறையில்லை. ஆனால் 100 கிராம் வாழைப்பழத்தில் மாவுச்சத்து சுமார் 23 கிராம். ஆளுக்கு இரண்டு பழம், இனிப்புக்கு மூன்று பேரீச்சை என்று போனால் கிண்ணத்தில் 60 கிராமைத் தாண்டும். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 40, 45 கிராம்தான். வாசலில் விற்ற குச்சி ஐஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: 60 மில்லி, அதில் 15 சதவீதம் சர்க்கரை என்று வைத்தாலும் 9 கிராம். 'சர்க்கரை சேர்க்காத' கிண்ணம், சர்க்கரைப் பாகால் ஆன குச்சியைப்போல் ஆறு மடங்கு மாவுச்சத்து கொண்டது. வாழைப்பழத்தில் நாரும் பொட்டாசியமும் உண்டு, குச்சி ஐஸில் சாயம்தான் உண்டு என்று பதில் வரும், சரிதான். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது 'மாவுச்சத்து குறைவு' என்ற வாக்குறுதியை. அந்தத் தேர்வில் வாழைப்பழக் கிண்ணம் தோற்றுவிட்டது, அதுவும் மோசமாக.

வெல்லம், கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணம் வேறு, நிறம் வேறு, விலை வேறு. ரத்தத்துக்குள் போனபின் கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்று இன்னும் நம்புகிறவர்களுடன் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை, நானும் முயலவில்லை.

இனிப்பூட்டிகள்? உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் எடைக் குறைப்புக்காகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொன்னது. சீனித்துளசிச் சாறு இனிப்பைத் தரும், மென்மையைத் தராது. கடைசியில் இனிப்பான கல் ஒன்று கிடைக்கும். எரித்ரிட்டால் உறைநிலையை இறக்கும். ஆனால் அதே 2023ல் கிளீவ்லாந்து மருத்துவமனை ஆய்வாளர்கள் ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் கூடுதலாக இருந்ததைக் காட்டினார்கள். காரணம் இதுதான் என்று அது நிரூபிக்கவில்லை. ஒரு மே மாத ஆசைக்காக அந்த ஐயத்தைச் சுமப்பானேன் என்பது என் கட்சி.

மிஞ்சுவது பழம். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ சித்திரை, வைகாசியில் கண்ணில் படுகிறவற்றைத்தான் எடைபோட வேண்டும். ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி என்று எழுதியிருக்கும் பக்குவங்கள் இந்த வெயிலுக்கும் இந்தப் பைக்கும் எழுதப்பட்டவை அல்ல.

முதலில் தர்பூசணி. மதுராந்தகம், திண்டிவனம் பக்கமிருந்து லாரியில் வந்து ஜி.எஸ்.டி. சாலையோரம் குவிகிறது. 100 கிராமில் மாவுச்சத்து 7.6 கிராம். இது ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் வகை என்று கிளைசெமிக் அட்டவணையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். வேகம் உண்மை, ஆனால் ஏற்றுவதற்கு உள்ளே இருக்கும் சரக்கே குறைவு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீராக இருப்பதால் அச்சில் ஊற்றினால் பாறையாகிவிடும். அச்சை மறந்துவிட வேண்டும் என்பதே இதற்கு விடை.

விதை நீக்கிய துண்டுகளைத் தண்ணீர் சேர்க்காமல் அடித்து, வடிகட்டாமல், அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, நுணுக்கிய மிளகு சேர்த்து, அகன்ற எவர்சில்வர் தட்டில் அரை விரல் உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். உலோகம் குளிரைச் சட்டென்று கடத்தும். உறைவது விரைவாக நடந்தால் பனிப்படிகம் சிறிதாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஓரம் மட்டும் உறைந்து நடு தளதளவென்று நிற்கும். அப்போது முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை இப்படியே. மூன்றாம் சுரண்டலுக்கு மேல் தட்டு முழுக்கச் செக்கச்செவேலென்று உதிரியாக நிற்கும். அள்ளி வாயில் போட்டால் முதலில் உப்பு, பிறகு புளிப்பு, அதற்குப் பின்னால்தான் தித்திப்பு. பனிப்படிகம் இருக்கிறது, ஆனால் அதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். ஒளித்து வைக்க முயன்ற குறையை உணவின் குணமாகவே மாற்றிவிட்டால் சர்க்கரைக்கு அங்கே வேலை இல்லை. உப்பும் புளிப்பும் காரமும் கலந்த நாக்கு நம்முடையது. மாங்காய்க் கீற்றுக்கும் நெல்லிக்காய்க்கும் மிளகாய்ப்பொடி தூவித்தான் தெருவில் விற்கிறார்கள். அந்த வழியை விட்டுவிட்டு ஐஸ்கிரீமைப்போல நடிக்கப் போனதுதான் இந்தப் பக்குவங்களின் அடிப்படைத் தவறு.

அடுத்தது இளநீர். கடைக்காரர் "தண்ணியா, வழுக்கையா?" என்று கேட்கும்போது வழுக்கை என்று சொல்ல வேண்டும். இளநீரில் 100 மில்லிக்கு மாவுச்சத்து 4 கிராமுக்குள். வழுக்கையில் 6 கிராம் அளவில். இரண்டையும் சேர்த்து அடித்தால் பால்போல வெளுத்து வரும். வழுக்கையின் சதை படிகங்களுக்கு இடையே புகுந்து நிற்பதால் வெறும் இளநீரைவிட நன்றாகக் கடிபடும். ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி சேர்த்தால் அதன் கொழகொழப்பும் கைகொடுக்கும். நாட்டுமருந்துக் கடையில் நன்னாரி வேர் வாங்கி, ஒரு கை தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் மணமே பாதி இனிப்பைத் தந்துவிடும். பாட்டிலில் வரும் நன்னாரி சர்பத் வேண்டாம், அது சர்க்கரைப் பாகு. குச்சி அச்சில் வைக்கக்கூடியவற்றில் மாவுச்சத்துக் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். குறைகள் இரண்டு. கோடையில் இளநீர் விலை. மற்றது பொட்டாசியம்: சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருத்துவர் இளநீரை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் அதுதான். உறைந்துவிட்டால் பொட்டாசியம் காணாமல் போய்விடாது.

கொய்யாவில் மொத்த மாவுச்சத்து 14 கிராம் என்று பார்த்ததும் ஒதுக்கிவிடத் தோன்றும். அதில் 5 கிராமுக்கு மேல் நார், கழித்தால் 9தான். ஆயக்குடிக் கொய்யாவோ சிவப்புக் கொய்யாவோ, பெக்டின் நிறைந்த பழம் என்பதால் உறைந்தபின்னும் உடல் கட்டுடன் நிற்கிறது. விதையை எடுக்க ஒரு தடவை அரிப்பில் தேய்க்கலாம். சாறாக வடித்துவிட்டால் பழத்தை எடுத்த நோக்கமே போயிற்று. உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையைச் சேர்த்த சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது, முழுப் பழத்தை அப்படி வைப்பதில்லை. இந்த முழு விவகாரத்திலும் வடிகட்டிதான் அதிகக் கெடுதல் செய்யும் சாமான்.

நெல்லிக்காய் உறைந்தால் சுளைசுளையாகப் பிளந்து கொட்டை தானே கழன்றுவிடும். தர்பூசணித் தட்டில் இரண்டு நெல்லி சேர்த்தால் எலுமிச்சை தேவையில்லை. தனியாக ஐஸாக வைக்கும் தைரியம் எனக்கில்லை.

வெண்ணெய்ப்பழம், கடைகளில் பட்டர் ஃப்ரூட், தாண்டிக்குடி மலைப்பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீமின் மென்மைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு நேர்மையான விடை இது ஒன்றே. 100 கிராமில் மாவுச்சத்து எட்டரை, அதில் ஆறேமுக்கால் நார். கொழுப்பு 15 கிராம் அளவில் இருப்பதால் சர்க்கரை செய்த வேலையைக் கொழுப்பு செய்துவிடுகிறது. ருசி? பச்சைவாடை, சப்பென்ற ஒரு மந்தம். இங்கே மாம்பழத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. மாம்பழத்தில் மாவுச்சத்து 15 கிராம், ஐஸின் உடலாக அதை வைத்தால் கணக்கு உதைக்கும். மணத்துக்கு மட்டும் வைத்தால் உதைக்காது. வெண்ணெய்ப்பழம் 40 கிராம், இரண்டாம் தேங்காய்ப்பால் 40 மில்லி, நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளி 20 கிராம், ஓர் ஏலக்காய். மொத்தம் சுமார் 8 கிராம், நார் கழித்தால் 5. நாக்கு அதை மாம்பழ ஐஸ் என்றே நம்புகிறது. ஆனால் மாவுச்சத்து குறைவு என்பதற்காகக் கலோரியும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. தேங்காயின் முதல் பால் 100 மில்லியில் 200 கலோரியைத் தாண்டும், பசும்பாலில் அதில் மூன்றில் ஒரு பங்கு. எடையும் குறைய வேண்டும் என்பவர் தர்பூசணித் தட்டோடு நிற்கட்டும்.

நுங்கைப் பற்றிச் சொல்லாமல் செங்கல்பட்டு மாவட்டத்தில் கோடையைப் பற்றி எழுத முடியாது. மாவுச்சத்தில் மிகக் குறைவு, பாலில்லை, இந்த மண்ணின் சரக்கு. எல்லாத் தகுதியும் உண்டு. ஃப்ரீசர் மட்டும் அதற்கு ஆகாது. உறைந்து இளகிய நுங்கு தண்ணீரைக் கக்கி, ரப்பர் துண்டாகிவிடுகிறது. கடற்பாசியும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வரும் அகர்-அகரை ஆலையில் சுத்தம் செய்யும் ஒரு முறையே அதை உறையவைத்து இளக்குவதுதான், தண்ணீரெல்லாம் தானே பிரிந்துவிடும். ஆலைக்கு வசதியான குணம் ஐஸ் அச்சில் குற்றமாகிறது. நோன்புக் காலத்தில் செய்யும் இளநீர்க் கடற்பாசியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிரவைத்துச் சாப்பிடுவதே அழகு. நுங்கும் அங்கேயே இருக்கட்டும்.

சப்போட்டா, பலா, திராட்சை: மூன்றுமே 18 கிராமுக்குக் குறையாது. பேச்சே இல்லை.

வீட்டு ஃப்ரிட்ஜையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சின்னப் பெட்டி பல வீடுகளில் மைனஸ் 18ஐத் தொடுவதே இல்லை. வெயில் உச்சியில் மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் மின்விசிறியைத்தான் சுழற்றும். பாதி இளகி மறுபடி உறைந்த ஐஸில் படிகம் பெருத்து, வாயில் நறநறக்கும். மென்மையை நம்பிச் செய்தவை எல்லாம் அத்துடன் தீர்ந்தன. சுரண்டல் தட்டுக்கு அந்தக் கவலை இல்லை, மறுபடி சுரண்டிக்கொள்ளலாம். வேகவைக்காத பண்டம் என்பதால் அரைக்கும் பாத்திரமும் சேர்க்கும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். உறைவது கிருமியைக் கொல்லாது, தூங்கவைக்கும்.

தீர்ப்பு இது. 'பால் இல்லாத' என்ற பாதியை இந்த ஐஸ் முழுமையாகக் காப்பாற்றுகிறது, பொட்டலத் தேங்காய்ப்பால் பொடியை ஒதுக்கிவிட்டால். 'மாவுச்சத்து குறைந்த' என்ற பாதி நான்கு பழங்களில்தான் நிற்கிறது: தர்பூசணி, இளநீர், கொய்யா, வெண்ணெய்ப்பழம். அதிலும் 100 கிராம் வரையில்தான். ஐ.சி.எம்.ஆரின் ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கான பழ அளவே 100 கிராம். ஐஸ் சாப்பிட்டால் அன்றைய பழம் அதுவே, சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு துண்டு கிடையாது. முதல் இடம் உப்பும் எலுமிச்சையும் போட்ட தர்பூசணிச் சுரண்டலுக்கு. இளநீர்-வழுக்கை இரண்டாவது; சிறுநீரகம் சரியாக உள்ளவர்களுக்கு மட்டும். வெண்ணெய்ப்பழ-மாம்பழக் குச்சி விருந்தாளிக்கு. வாழைப்பழ-பேரீச்சைக் கிண்ணத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வெயிலில் ஓடியாடும் பிள்ளைக்கு மாவுச்சத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை, பழத்தை அப்படியே தின்னச் சொன்னால் ஓடிவிடும் பிள்ளைகூட அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும்.